மூன்றாமவர் வரைந்த பதினோரு பக்கங்கள்

ஒருவர் அல்ல, தம்பி. மூவர். குடை கர்னலை ஒரே ஆள்தான் வரைந்தார் என்ற நம்பிக்கை இந்த மாநிலத்தில் நாற்பது வருடமாகப் பரவிக் கிடக்கிறது. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், பொறுப்பான பதவியில் இருப்பவர்கள்கூட அப்படி நம்பிக்கொண்டு வெளியே நடமாடுகிறார்கள். அம்மைக்கு வீடு வீடாக வந்து ஊசி போட்ட அரசாங்கம் இதற்கு இன்றுவரை ஒன்றும் செய்யவில்லை. என்னால் ஆனது, ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். என் மடியில் இருக்கிறதே, இதுதான். இதன் அட்டையைப் பார்த்துத்தானே நீங்கள் 'குடை கர்னல்தானே, யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்தாராமே' என்றீர்கள். தப்பில்லை. பஸ் சிவகாசி போக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திருத்திக்கொள்ளலாம்.

கால் இடிக்கிறதா? சாக்குக்குள் இருப்பது பித்தளைத் தவலை. என் மனைவியுடையது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், போதும்.

கர்னல் லண்டனில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தவர். வாரம் இரண்டு பக்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் துப்பாக்கி கிடையாது, குடைதான். குடையாலேயே திருடனைப் பிடிப்பார். அந்தக் கதைகளைச் சிவகாசியில் ஒரு பிரஸ் வாங்கித் தமிழில் சின்னப் புத்தகங்களாகப் போட்டது. நாம் எல்லோரும் படித்தது அதைத்தான். அந்த லண்டன் பத்திரிகைக்காரர்கள் வரைந்தவர் பெயரைப் போட மாட்டார்கள். போட்டால் பக்கத்துப் பத்திரிகைக்காரன் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஆகையால் யார் எந்தப் பக்கத்தை வரைந்தார் என்பதைக் கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது எல்லோராலும் முடியாது. நான் கோவில்பட்டியில் ஒரு பேங்கில் முப்பத்தோரு வருடம் செக்கில் கையெழுத்துச் சரிபார்த்தவன். ஒரு கோடு எங்கே தயங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

முதலாமவர் ஆங்கிலேயர். பெல்லிங் என்று பெயர். அதை அங்கே உள்ள ரசிகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அவருடைய குடையில் எட்டுக் கம்பி. எண்ணிப் பார்த்தால் எட்டு இருக்கும். மழை எப்போதும் இடது பக்கம் சாய்ந்து பெய்யும். கர்னலின் முகத்தில் சிரிப்பே வராது. இரண்டாமவர் ஸ்பெயின்காரர். சம்பளம் குறைவு என்று அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் வரையச் சொல்லி வாங்குவார்கள். அவர் குடைக்கு ஆறு கம்பி. கோடு பட்டுநூல் மாதிரி இருக்கும். பெண்களை நன்றாக வரைவார். மழையை வரையவே மாட்டார். ஒரே குறை, முழங்காலுக்குக் கீழே சோர்ந்துவிடுவார். மேலே அவ்வளவு அழகாக வரைந்துவிட்டு ஷூவுக்கு வரும்போது வேறு ஆள் மாதிரி ஆகிவிடுவார். இதைப் பற்றித் தனியாக நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

மூன்றாமவரிடம்தான் விவகாரம்.

மூன்றாமவர் வரைந்தது பதினோரே பக்கம். எண்பத்து மூன்றாம் வருடத் தீபாவளி மலரில் வந்த 'ஊமை மணிக்கூண்டு' கதையின் கடைசிப் பதினோரு பக்கங்கள். குடைக்கு ஏழு கம்பி. மழை நேராகக் கொட்டும். கர்னல் குடையைச் சட்டைக் காலரில் பின்பக்கம் மாட்டிக்கொண்டு நடப்பார். தேநீரை அண்ணாந்து, கோப்பை உதட்டில் படாமல் குடிப்பார். தெருவில் ஒரு நாய் வரும். வால் சுருண்டிருக்கும், காது ஒன்று கிழிந்திருக்கும். இதையெல்லாம் வைத்து நான் தொண்ணூற்றேழிலேயே ஒரு கட்டுரை எழுதினேன். மூன்றாமவர் பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்து, பல்லாவரம் பக்கம் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர் என்று நிறுவினேன். காலரில் குடை மாட்டுவது யார்க்‌ஷயர் பக்கத்துப் பழக்கமாக இருக்கலாம் என்று அடிக்குறிப்பில் சொன்னேன். அந்தக் கட்டுரையை மதுரையில், ஈரோட்டில், எங்கே இரண்டு வாசகர் கூடினாலும் மேற்கோள் காட்டுவார்கள். 'அண்ணாச்சி சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் இல்ல' என்பார்கள்.

தரம் என்று பார்த்தால் மூவரில் மூன்றாமவர்தான் கடைசி. விரல்கள் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். அதை நான் மறைத்ததே இல்லை. வீட்டிலும் வெளியிலும் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் ஒரு காரியம் செய்தேன். லீட்ஸ் என்ற ஊரில் ஒரு சேகரிப்பாளர் இருக்கிறார். அந்த வாரப் பத்திரிகை ஒரு இதழ் விடாமல் அவரிடம் இருக்கிறது. பதினோரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி, இது எந்தெந்த வாரம் வந்தது என்று கேட்டேன். ஒரு காலையில் பதில் வந்தது. இந்தப் பக்கங்கள் எங்கள் பத்திரிகையில் வரவே இல்லை, எங்களிடம் கதை வேறு மாதிரி முடிகிறது, இது உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தார்.

அதை நான் மூன்று முறை படித்தேன், தம்பி. அங்கே அச்சேறாத பக்கங்கள். இங்கிலாந்துக்காரனே பார்க்காத பதினோரு பக்கங்கள் தமிழில் மட்டும் இருக்கின்றன. வேண்டாம் என்று லண்டனில் ஒதுக்கிய மூலப்படங்கள் எப்படியோ தவறுதலாகப் பார்சலில் ஏறிச் சிவகாசிக்கு வந்திருக்க வேண்டும். கட்டுரையை விரித்துப் புத்தகமாக எழுதி வைத்திருந்தேன்; அதை உடனே அடிக்கச் சொல்லி அப்போதே அச்சகத்துக்குப் போன் போட்டேன். அடுப்படியில் என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் என்று பெயர். சொந்த ஊர் சிவகாசி. அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்:

"லண்டன்ல எப்படி இருக்கும்? அது நான் போட்டதுல்ல."

என்ன போட்டாய் என்று கேட்டேன். படம் என்றாள்.

அப்புறம் நின்ற இடத்திலேயே, கரண்டியைக் கீழே வைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன அன்றே சொன்னார்கள். பைண்டிங்கில் தாள் மடிக்கிற வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவள் இருந்தது ஆர்ட் செக்‌ஷனாம். லண்டன் படம் அகலம், நம் புத்தகம் உயரம். படத்தை ஒட்டினால் அடியில் வெள்ளையாக இடம் மிஞ்சும். அதில் கால், தரை, ஷூ எல்லாம் வரைந்து நிரப்புவது அவள் வேலையாம். 'கால் வளர்க்கிறது' என்பார்களாம். எண்பத்து மூன்றில் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது பம்பாய் வழியாக வர வேண்டிய லண்டன் பார்சல் வரவில்லை. கடைசிப் பதினோரு பக்கம் கையில் இல்லை. பெரிய ஆர்ட்டிஸ்டுகள் எல்லோரும் காலண்டர் வேலையில் தலை நிமிராமல் இருந்த நேரம். முதலாளி வந்து, யாராவது கதையை முடித்துவிடுங்கள் என்று சொல்ல, இவள் முடித்திருக்கிறாள். வயது பத்தொன்பது.

"குடைய அப்படி மாட்டுறது எங்க அப்பா. தீப்பெட்டி ஆபீசுக்கு அப்படித்தான் போவாரு. நீங்க பாத்துருக்கீங்க. அந்த நாய் பிரஸ் வாசல்ல கெடக்கும். டீ வேற எப்படிக் குடிப்பாக?"

என் மாமனார் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பழக்கம் சிவகாசியிலும் யார்க்‌ஷயரிலும் ஒரே சமயத்தில் இருக்கக்கூடாது என்று சட்டமா?

முப்பத்தெட்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

"கத்தரிக்கா வெரல், கத்தரிக்கா வெரல்னு வந்தவங்க போனவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீக. எந்த எடத்துல நின்னு நான் சொல்லணும்?"

பிறகு ஒன்று கேட்டாள். புத்தகத்தில் அவள் பெயரைப் போட வேண்டும். 'இந்தப் பதினோரு பக்கத்தையும் வரைந்தவர் தங்கபுஷ்பம்' என்று ஒரு வரி. கடைசி என்று சொன்னாலும் சரி, விரல் கத்தரிக்காய் என்றாலும் சரி, பெயர் இருந்தால் போதும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு எதையாவது கேட்டிருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

இங்கேதான், தம்பி, நீங்கள் என் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். எண்பத்தொன்பதில் ஒரு செக் வந்தது. தெரிந்த மனிதர், தினமும் வணக்கம் சொல்கிறவர். கையெழுத்து லேசாக இடித்தது. தெரிந்தவர்தானே என்று விட்டேன். போட்டது அவருடைய மகன். எனக்கு மெமோ. மேனேஜர் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னார், 'ஆளைப் பார்க்காதீர், கோட்டைப் பாரும்' என்று. அன்றிலிருந்து நான் ஆளைப் பார்த்ததில்லை. புருஷனாக நான் அவளை நம்புகிறேன். முழுமனதாக நம்புகிறேன். புத்தகம் எழுதியவனாக நம்ப முடியவில்லை. எனக்குள்ளேயே இரண்டு கவுன்டர் இருக்கிறது. ஒன்றில் பாஸ் ஆவது இன்னொன்றில் பாஸ் ஆவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

மாதிரி கேட்டேன். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கர்னலை வரையச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், அப்போது அவள் கோபப்படவே இல்லை. சிரித்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். கியாஸ் புத்தகத்தோடு கட்டிக் கிடந்த பால்பாயின்ட் பேனா. ஒன்பது நிமிடம். கர்னல் காலரில் குடையோடு அண்ணாந்து தேநீர் குடிக்கிறார், பின்னால் மழை. வரைந்து முடித்துத் தாளை என் பக்கம் திருப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்தது பெண் பார்க்கப் போன அன்று. நடுவில் பார்த்ததாக நினைவில்லை.

நான் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, தீபாவளி மலரைப் பக்கத்தில் விரித்து வைத்து, இரண்டு மணி நேரம் பார்த்தேன். எட்டு அம்சங்கள். மழை பொருந்தியது. காலர் பொருந்தியது. கோப்பை, மீசை, ஷூவின் முடிச்சு, கத்தரிக்காய் விரல், ஆறு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை. கோட்டில் நடுக்கம் இருந்தது. மூலத்தில் நடுக்கமே கிடையாது. குடைக்கம்பி ஆறு, மூலத்தில் ஏழு. எட்டில் ஆறு என்பது குறைவில்லை. ஆனால் செக் என்று வந்தால் ஒன்று பொருந்தாவிட்டாலும் பொருந்தாததுதான். முப்பத்தோரு வருடம் ஓடிய கை, அதுவாகவே ஓடிவிட்டது. தாளின் அடியில் சிவப்பு மையில், 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட்டேன்.

எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்றே பார்த்தேன். பழக்கம், தம்பி. வேறு ஒன்றுமில்லை.

அவள் தாளை எடுத்துப் படித்தாள். 'சரி' என்றாள். மத்தியானம் புளிக்குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டாள். அது என்னிடம் இருந்திருக்க வேண்டிய ஆவணம்.

சாத்தூர் வந்துவிட்டது. வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா, சரி.

புத்தகம் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது. இருநூறு பிரதி. நிறுத்த முடியவில்லை. இப்போது கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஒரு பிரதியைக்கூட நான் வெளியே விடவில்லை, இது ஒன்றைத் தவிர. விட மனசில்லை. அவளுக்காக ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்தேன். 'பக்கம் 41: மூன்றாமவர் ஆங்கிலேயர் என்பதை, ஆங்கிலேயராக இருக்கலாம் என்று திருத்தி வாசிக்கவும்.' அதை எடுத்துக்கொண்டு முதல் தடவை சிவகாசி போனேன். என் வரையில் அது பெரிய இறக்கம். தொண்ணூற்றேழிலிருந்து நின்ற இடத்தைவிட்டு இறங்கியிருக்கிறேன். அவள் காப்பி கொடுத்தாள். சீட்டைப் படித்துவிட்டு என் சட்டைப்பையில் திரும்ப வைத்தாள்.

இரண்டாம் தடவை வேறு சீட்டு. 'மூன்றாமவர் பெண்ணாகவும் இருக்கலாம்.' அன்று அவள் வெளியே வரவில்லை. அவள் தம்பி ரத்தினபாண்டிதான் உட்கார வைத்துப் பேசினான். டைரிக்கு அட்டை வெட்டுகிற கடை வைத்திருக்கிறான், நல்ல பையன், வயது ஐம்பத்தைந்து.

"அத்தான், ஒரே ஒரு வரி. போட்டது தங்கபுஷ்பம்னு உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. அக்கா இன்னைக்கே வண்டி ஏறும்."

நான் எட்டு அம்சங்களையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அத்தான், நான் அப்ப பத்தாங்கிளாஸ். மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவ வரையறத நின்னு பாத்துருக்கேன்."

"நெருங்கிய சொந்தம் சாட்சி சொன்னால் நிற்காது, மாப்பிள்ளை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மூன்றாம் தடவை போனபோது அவள் முன்னறையில் இருந்தாள். மேஜையில் மைக்கூடு, தூரிகை. வீணாய்ப்போன காலண்டர் தாள்களைத் தம்பி கொண்டுவந்து போட்டிருக்கிறான். அதன் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டாள். ஓரத்தில் ஷூ மட்டும் தெரிந்தது. ஷூ நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். 'ம்' என்றாள். அந்த ஷூவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஸ்பெயின்காரருடைய ஷூ. அதாவது அவள் இப்போது அவரைப் பார்த்து வரையப் பழகுகிறாள். நல்ல தேர்வு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? நேற்று இரண்டு முறை உட்கார்ந்தேன். 'வரைந்தவர்' என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுதினால் தொண்ணூற்றேழுக் கட்டுரை போயிற்று. பல்லாவரம் போயிற்று. ஸ்பெயின்காரரின் ஷூ பற்றிய நான்கு பக்கமும் ஆட்டம் காண்கிறது. அதுகூடப் பரவாயில்லை. கம்பி ஆறுதானே இருந்தது, தம்பி. நான் எண்ணினேனே. எண்ணியதை எண்ணவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இன்று ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போகிறேன். பேங்கில் வயதான வாடிக்கையாளர்களுக்குக் கை மாறிவிடும். எண்பது வயதில் ஒருவரை இருபது வயதுக் கையெழுத்தைப் போடச் சொன்னால் எப்படி வரும்? அதற்காக அவரைப் பொய்யர் என்றா சொல்வோம்? கூப்பிட்டு உட்கார வைத்து, புது மாதிரி அட்டையில் மூன்று கையெழுத்து வாங்கிக்கொள்வோம். மரியாதையான ஏற்பாடு. இதோ, அட்டை வெட்டி எடுத்து வந்திருக்கிறேன். மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு கர்னல் வரைந்து கொடுத்தால், இனிமேல் அவள் வரைவதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பழைய பதினோரு பக்கத்துக்கு அது உதவாதுதான். எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் வெறுங்கையோடு எப்படிப் போவது?

அவளும் முழுக்க வெறுத்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் சிட்டை வருகிறது. ஒவ்வொரு தடவையும் ரத்தினபாண்டி கையில் ஒரு சிட்டை கொடுத்து அனுப்புவாள், அடுத்த தடவை வரும்போது கொண்டுவரச் சொல்லி. எழுத்து அவளுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் சிட்டையில் மூக்குக்கண்ணாடி, நான்கு சேலை. இரண்டாவதில் இட்லிக் கொப்பரை, இரண்டு தட்டு, சின்னக் குடம். அடியில் 'என் பேர் போட்டது மட்டும்' என்று எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு அவள் அப்பா பாத்திரம் எல்லாவற்றிலும் அவள் பெயரை வெட்டிக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பி, பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். பெயர் இல்லாத ஒரு கரண்டி தவறி வந்துவிட்டது. அதை அவள் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். மூன்றாவது சிட்டையில் ஒரே ஒரு பொருள், இந்தத் தவலை. இதோ பாருங்கள், சாக்கை விலக்குகிறேன், கழுத்துக்குக் கீழே: அ. தங்கபுஷ்பம். நாற்பது வருடம் புளி போட்டுத் தேய்த்தும் ஒரு எழுத்துகூட அழியவில்லை.

அதோ, ஸ்டாண்டு தெரிகிறது. ஒரு காது நீங்கள் பிடித்தால் படியில் இறக்கிவிடலாம். மெதுவாக.

என்ன, தண்ணீரா? என்னிடம் பாட்டில்தான் இருக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் மிச்சம் இருக்கிறது, அதைக் கொண்டுவரவில்லை. ஓய்வு பெற்ற அன்று பேங்கில் கொடுத்தது. அதில் என் பெயர் போட்டிருக்கிறது.